மேவன்சீல் வெளிச்சவீட்டின் சப்பாத்துச் சட்டம்

கொறற்றி மாமிக்கு அதிகாரம் பிடிக்கும். இதை நான் மறைத்து எழுதினால் அவரே வந்து திருத்துவார். மன்னாரிலிருந்து வந்து ஜேர்மனியின் பிறேமர்ஹாபனில் குடியேறிய நாள் முதல் அவர் ஏதாவது ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்துகொண்டேதான் இருக்கிறார். முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பொறுப்பு. தமிழ்க் கத்தோலிக்கரின் செபமாலைக் கூட்டத்தில் மெழுகுதிரிகளுக்குப் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் யார் மெலிந்தார், யார் கொழுத்தார் என்று சபையில் அறிவிப்பதற்கும் அவரே பொறுப்பு.

ஆனால் சாவி என்று ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை. இயந்திரத்துக்குச் சாவி கிடையாது. மெழுகுதிரிப் பெட்டியின் சாவி பாதரிடம். வீட்டுச் சாவியைப் பீலிக்ஸ் மாமா வைத்திருப்பார், ஏனென்றால் மாமி எப்போதும் பலகாரச் சட்டியைத் தூக்கிக்கொண்டுதான் படியேறுவார். ஆகவே மேவன்சீல் கிராமத்து வெளிச்சவீட்டுக்குக் காவலர் தேடுகிறார்கள் என்று ஊர்ப் பத்திரிகையில் வந்தபோது அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்:

"சாவி தருவினமோ?"

"சனி ஞாயிறு முழுக்கப் போய்விடும் எண்டு போட்டிருக்கு. அதைப் பாரும்," என்றார் பீலிக்ஸ் மாமா. அவர் துறைமுகத்தில் புதுக் கார்களைக் கப்பலில் ஏற்றுகிறவர். வார இறுதி என்றால் கட்டில்தான் அவருக்குக் கப்பல்.

"இஞ்சேருங்கோ, நான் கேட்டது சாவியைப் பற்றி."

மேவன்சீல், பஸ்ஸில் போனால் ஒரு குட்டித்தூக்கத் தூரம். கடலை மறிக்க மண்ணால் கட்டிய நீண்ட அணை. அணைக்கு இந்தப் பக்கம் கிராமம், அந்தப் பக்கம் சேறும் கடலும், அணையின் மேல் செம்மறி ஆடுகள். புல்லை மேய்ந்து மண்ணை மிதித்து இறுக்குவது அந்த ஆடுகளுக்கு அரசாங்க உத்தியோகம். உத்தியோக நேரத்தில் அவை வேறொன்றும் செய்யும். இந்தக் கதை நடந்ததற்கு அதுதான் மூலகாரணம்.

அணையின் கடற்பக்கத்தில் சிவப்புச் செங்கல்லில் நிற்கிறது வெளிச்சவீடு. வேசர் ஆற்றின் வாய்க்குள் கப்பல்கள் வழி தப்பாமல் வருவதற்காகக் கட்டியது. இப்போது கப்பல்களுக்கு வானத்திலிருந்து வழி சொல்கிறார்கள், விளக்கை அணைத்து வெகுகாலம். கிராமத்தவர்கள் சங்கம் வைத்து அதைக் காப்பாற்றி, வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை வார இறுதிகளில் திறக்கிறார்கள். நடுத்தட்டு அறையில் கலியாணப் பதிவும் நடக்கும். காவலராக இருந்த ஹார்ம்ஸ் தாத்தாவின் இரண்டு முழங்காலும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. அவருக்குப் பதில் வந்தவர்கள் படிகளை அண்ணாந்து பார்த்ததும் வேறு அவசர வேலை இருப்பதை நினைத்துக்கொண்டார்கள்.

மாமி அண்ணாந்து பார்க்கவில்லை. படிகளைக் குனிந்து பார்த்தார்.

"ஐயோ, என்ன ஊத்தை!"

சங்கத் தலைவி ரீற்யன் அம்மையார். முன்பு சுங்கத்தில் வேலை பார்த்தவர். இன்னும் எல்லாரிடமும் பெட்டியைத் திறக்கச் சொல்கிற முகம். அவர் மாமியிடம் சொன்னார்: "ஒரு பருவம் உங்களிடம் விட்டுப் பார்க்கிறோம். அதுவரை சங்கத்து ஆள் வந்து கதவைத் திறந்துவிடுவார். செப்டம்பரில் கோபுர விழா. அன்று நிரந்தரமாகச் சாவி கொடுப்பதா இல்லையா என்று ஊர் முடிவு செய்யும். நான் அல்ல, ஊர்."

ஊர் எப்படி முடிவு செய்யும் என்பதற்கு வரலாறு வேண்டும். வரலாற்றுப் பாடத்துக்கு நான் ஒழுங்காகப் போகிற ஆள் அல்ல. ஆகவே இது ஹார்ம்ஸ் தாத்தா மாமிக்குச் சொல்லி, மாமி உப்புப் புளி சேர்த்து எங்களுக்குச் சொன்ன வரலாறு.

முதற் காவலர் யோஹான் லூர்ஸ், வெளியூர்க்காரர். ஊருக்கு அவரைக் கண்ணிலே காட்டக்கூடாது. காரணம் இருந்தது. கப்பல் தரைதட்டினால் கரையொதுங்கும் மரமும் துணியும் பீப்பாயும் ஊருக்கு. வெளிச்சம் வந்தால் கப்பல் தட்டாது. கப்பல் தட்டாவிட்டால் அடுப்பு எரியாது. விளக்குக்கு எண்ணெய் சுமந்து கொடுப்பது ஊரின் கடமை என்று மேலிடத்து உத்தரவு. ஊர் எண்ணெய்த் தகரங்களைக் கோபுர வாசலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது. லூர்ஸ் தனியே சுமந்தார், தனியே கொளுத்தினார். பிறகு ஒரு குளிர்காலப் புயலில் ஊரின் மீன்வள்ளங்கள் எல்லாம் கடலில் மாட்டின. அந்த ஒற்றை வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாம் திரும்பி வந்தன. விடிந்ததும் ஊரே தகரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறியது. விளக்கறைக்குள் நுழைகிற வழியில் தரையில் ஒரு பலகைக் கதவு இருக்கிறது. அன்று அதை மூட முடியாத அளவுக்குச் சனம்.

அதிலிருந்து வந்ததுதான் வழக்கம். புதுக் காவலராக விரும்புகிறவர் விழா அன்று விளக்கறையில் போய் நிற்பார். அவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் ஏறிப் போவார்கள். மதியம் தேவாலய மணி அடித்ததும் ஊர்த் தலைவர், இப்போதென்றால் சங்கத் தலைவி, ஏறி அந்தத் தரைக்கதவை மூடிப் பார்ப்பார். மூடினால் வேறு ஆள் தேடவேண்டியது. சனம் நெருக்கி மூட முடியாமற்போனால் சாவி கைமாறும். எல்லாருக்கும் கதவு திறந்தே கிடந்தது என்று எழுதத்தான் ஆசை. ஒருவருக்கு மூடியிருக்கிறது. அவர் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. மூடின சத்தத்தை மட்டும் சொல்வார்கள்.

மாமி ஏப்ரலில் தொடங்கினார். முதல் சனிக்கிழமை அடியிலிருந்து நுனிவரை கழுவித் துடைத்தார். மரப்படிகள் எல்லாம் பளபளத்தன. விளக்கைச் சுற்றியிருந்த பெரிய கண்ணாடிகளைத் தேய்த்தபோது, "இவ்வளவு பெரிய மூக்குக்கண்ணாடி போட்டும் கரையிலை என்ன நடக்குதெண்டு தெரியேல்லைப் போல," என்று விளக்குக்கே பேச்சு விழுந்தது. பிறகு கீழே வந்து வாசலில் நின்றார். அணையைத் தாண்டி முதற் குடும்பம் வந்தது. அவர்களின் சப்பாத்தின் அடியைப் பார்த்தார். ஆடுகளின் உத்தியோகம் அங்கே ஒட்டியிருந்தது.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றார் ஜேர்மனில்.

அது சட்டம் போடுகிற எண்ணமே அல்ல. எங்கள் ஆட்களின் எந்த வீட்டு வாசலிலும் சொல்லுகிற சொல். வந்தவர்கள் ஜேர்மன்காரர். கண்டிப்பான முகத்தோடு ஒருவர் சொன்னால் அது எங்கேயோ எழுதியிருக்கும் என்று நம்புகிறவர்கள். கழற்றினார்கள். அடுத்து வந்தவர்கள் அங்கே கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துத் தாங்களே கழற்றினார்கள். அடுத்த வாரம் வாசலில் ஒரு பலகையும் முளைத்திருந்தது: காலணியுடன் ஏறுதல் கோபுர ஒழுங்குவிதி பதினொன்றின்படி அனுமதிக்கப்படாது. கோபுர ஒழுங்குவிதி ஒன்றிலிருந்து பத்துவரை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பலகையை யார் தொங்கவிட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

கோடை முழுக்க வாசலில் சப்பாத்து மலை. ஓட்டைக் காலுறையோடு வந்து வெட்கப்பட்டவர்கள் அடுத்த தடவை புதுசு போட்டு வந்தார்கள். கலியாணத்துக்கு வந்த மாப்பிள்ளை ஒருவர் ஒரு காலில் கறுப்பும் மறு காலில் கடும்நீலமும் போட்டிருந்தது பதிவாளர் முன்னால் வெளிப்பட்டது. பெண் சிரித்த சிரிப்பில் "சம்மதம்" என்று சொல்ல நேரம் எடுத்தது. மாமியின் ஜேர்மனில் வினைச்சொல் களைத்த இடத்தில் உட்காரும், ஆனாலும் அவர் கதை சொல்லத் தொடங்கினால் படியில் ஒருவரும் அசையமாட்டார்கள். முக்கியமாக மெற்றாவின் கதை. மெற்றா மூன்றாவது காவலரின் மனைவி. கடல் அணையை உடைத்துக் கோபுரத்தைச் சுற்றி நின்ற ஒரு வெள்ளத்தில், விளக்கறைக்குக் கீழே உள்ள காவலறையில் அவளுக்கு வலி வந்தது. புருசன் கரையில், அவள் தனிய. விளக்கு சுற்றுவதற்கு மணிக்கூடு மாதிரிச் சாவி கொடுக்கவேண்டும். ஒரு வலிக்கும் மறு வலிக்கும் நடுவில் அவள் எழுந்து சாவி கொடுத்தாள். பிள்ளையும் பிறந்தது, விளக்கும் நிற்கவில்லை.

"இந்தப் பலகையிலைதான்," என்று மாமி காட்டுவார். பெரிய பெரிய ஆண்கள் காலுறைக் காலை மெதுவாகப் பின்னுக்கு எடுப்பார்கள்.

ஜூலை மாதம் புறூன்ஸ் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் வழுக்கி விழுந்தார். மாமியின் மினுக்கலும் புறூன்ஸின் கம்பளிக் காலுறையும் சேர்ந்த விபத்து. இரண்டு படி பின்பக்கத்தால் இறங்கி, "இதைவிட வேகமாக நான் தபால் கொடுத்ததில்லை," என்றார். அடிபடவில்லை. ஆனாலும் மாமி மறுநாள் ஒரு மெத்தைத் தலையணையும் ஒரு பெட்டி மீன் றோல்சும் கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்து, அவர் உட்கார்ந்து எழும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினார்.

ரீற்யன் அம்மையாருக்கு அது போதவில்லை. அவர் பலகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"விதி பதினொன்று! இந்தச் சங்கத்துக்கு விதியே ஒன்பதுதான். ஒருவர் கழுத்தை முறித்தால் காப்புறுதிக்கு நான் என்ன சொல்வேன்?"

"வழுக்காத செருப்பு குடுக்கிறன்," என்றார் மாமி.

"கேளுங்கள், கொறற்றி. ஊருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. சப்பாத்தை விட்டுவிடுங்கள், விழா அன்று எல்லாரும் ஏறுவார்கள். விடாவிட்டால், மழையில் நின்று குனிந்து நாடா அவிழ்த்து உங்களுக்காக ஏற இங்கே எவருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை. கதவு மூடும். மூட வேண்டியவள் நான். எனக்கு அது பிடிக்காது."

அன்று மாமி வீட்டுக்கு வந்து மீனை வெட்டிய வெட்டில் அயல்வீட்டு நாய் குரைத்தது. பீலிக்ஸ் மாமா கதவோரம் நின்று பார்த்தார். அவர் மாமிக்குப் பயப்படுகிறவர், ஆனால் உண்மை சொல்லுகிறவர்.

"விட்டுக்குடுமன். சப்பாத்துத்தானே."

"ஏலாது."

"சாவி வேணுமெண்டு ஆலாய்ப் பறந்தது நீர்தானே? இப்ப அதுகள் தாறம் எண்டு நிக்குதுகள். உமக்கெண்டால் ஒரு சப்பாத்துப் பிரச்சினை."

மாமி கத்தியை வைத்தார். "ஆக்கள் குடியிருந்த இடமப்பா அது. சமைச்சு, சாப்பிட்டு, படுத்து எழும்பின இடம். அந்தப் பிள்ளை பிறந்தது அந்தப் பலகையிலை. எங்கடை வீட்டிலை பிள்ளை கிடந்த இடத்திலை ஆரும் ஆட்டுப் புழுக்கையோடை ஏறினால் நீங்கள் விடுவியளோ?"

"விடமாட்டன்."

"அப்ப? சப்பாத்தோடை ஆக்களை ஏத்திறதெண்டால் அந்தச் சாவி எனக்கு என்னத்துக்கு? அது பொருட்காட்சிச்சாலைச் சாவி. அதை ஆரும் வைச்சிருக்கலாம்."

பீலிக்ஸ் மாமா சிதறிக் கிடந்த மீன் செதில்களைக் கூட்டி எடுத்தார். "செருப்புக்கு என்ன செய்யப்போறீர்?" என்றார். அவர் சரணடைகிற விதம் அப்படி.

ஆகஸ்டில் கேவெலார் மாதா கோவிலுக்கு ஜேர்மனி முழுக்க இருந்து எங்கள் சனம் வரும். செபம் முடிந்து ஆட்கள் சோற்றுப் பெட்டியைத் திறக்கிற நேரம் மாமி ஒரு வெறும் சாக்கோடு நடந்தார். எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் விருந்தாளிக்கென்று ஒரு செருப்புக் குவியல் இருக்கும், பாதி ஒருநாளும் போடாதது. அது மாமிக்குத் தெரியும்.

"மிதுசா, உன்ரை வீட்டு வாசலிலை கிடக்கிற ரப்பர் அடிச் செருப்பு முழுக்க எனக்கு வேணும்."

"என்ன மாமி, கடை போடப்போறியளோ?"

"வெளிச்சவீடு போடப்போறன். வாயைக் காட்டாமல் அடுத்த கிழமை அனுப்பு."

கெல்சென்கிர்ச்சன் ஊர்ச் சனத்திடமிருந்து மட்டும் மூன்று மூட்டை வந்தது. பூப்போட்டது, கரடித்தலை வைத்தது, ஹோட்டல்களிலிருந்து எப்படியோ வீடு வந்துசேர்ந்தது. பீலிக்ஸ் மாமா ஒவ்வொன்றையும் போட்டு நனைந்த படியில் குதித்துப் பார்த்தார். வழுக்கியதைத் தள்ளினார், வழுக்காததை அடுக்கினார். அந்த வார இறுதிகளில் அவர் கட்டிலைக் கண்டதே இல்லை.

விழா அன்று விடிந்ததிலிருந்து மழை. அணை முழுக்கச் சேறு, ஆடுகள் வழமைபோல் கடமையில். மாமி நீலச் சேலை உடுத்தி, அதற்கு மேல் மீன்பிடிக்காரரின் மழைச்சட்டை போட்டுக்கொண்டு விளக்கறைக்கு ஏறினார். தனியே நிற்கவேண்டும் என்பது வழக்கம். நான் விளக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். விளக்குக்குப் பின்னால் இருப்பவரைப் பற்றி வழக்கத்தில் ஒன்றும் இல்லை.

கீழே பீலிக்ஸ் மாமா வாசலில் செருப்புகளோடு நின்றார். ஊர் வந்தது, நின்றது. மேலேயிருந்து பார்த்தால் குடைகள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு குடையும் வாசலுக்கு அசையவில்லை. எல்லாரும் முன்னுக்கு நிற்பவர் குனிகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போச்சு," என்றார் மாமி. கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். 

"மாமி, வேணுமெண்டால் நான் இறங்கிப்போய்ச் சப்பாத்தோடை வாங்கோ எண்டு சொல்லட்டோ?"

"நீ ஆரடா இஞ்சை? இறங்கினியோ, காலை முறிப்பன்."

கீழே ஒரு குடை மடங்கியது. புறூன்ஸ். அவர் வாசலில் கிடந்த மர வாங்கிலில் மாமி கொடுத்த தலையணையைப் போட்டு உட்கார்ந்து, நாடாவை ஆறுதலாக அவிழ்த்தார். "விழுந்தவன் நான்," என்று அவர் சத்தம்போட்டது மேலே வரை கேட்டது. "எனக்கே கோபம் இல்லை. உங்களுக்கு என்ன?" கரடித்தலைச் செருப்பைத் தெரிந்தெடுத்துப் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

பிறகு இரண்டு நிறக் காலுறை மாப்பிள்ளையும் அவர் மனைவியும். பிறகு பேக்கரிக்காரி. பிறகு குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கத் தொடங்கின, ஒவ்வொரு குடை மறைந்த இடத்திலும் ஒரு சோடிச் சப்பாத்து முளைத்தது. மேலேயிருந்து பார்க்கிற மாமிக்கு அதுதான் தெரிந்தது, மழையில் வளர்ந்துகொண்டு போகிற சப்பாத்து வரிசை. அவர் வாய் எண்ணத் தொடங்கி, எண்ணுவதை விட்டு, "இஞ்சை பார், இஞ்சை பார்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. படியில் செருப்புகள் சளக் சளக்கென்று வந்தன. தரைக்கதவு வழியே முதல் தலை எட்டிப் பார்த்தது.

"வணக்கம், காவலர் அம்மா," என்றார் புறூன்ஸ், மூச்சு வாங்கி. "நாற்காலி ஏதும் உண்டா?"

விளக்கறை நிறைந்தது. வெளிமாடம் நிறைந்தது. அதற்குப் பிறகும் வந்தவர்கள் படிகளில் நின்றார்கள். ஹார்ம்ஸ் தாத்தா கோபுரத்தில் ஏறி ஒரு வருடத்துக்கு மேல். அவர் பூச்செருப்பைப் போட்டு முதற்படியில் ஏறி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு அறிவித்தாராம்: "என் முழங்கால் இதுவரைதான் வரும். இதுவும் கோபுரம்தான்." அதைப் பார்த்து ஊரில் முழங்கால் போனவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றி அடிப்படிகளை நிரப்பினார்கள்.

மணி அடித்தது.

ரீற்யன் அம்மையார் தரைக்கதவை மூட வரவேண்டும். மேலே எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். கீழே அவர் குரலும் பீலிக்ஸ் மாமாவின் குரலும் கேட்டன.

"நான் பரிசோதிக்கத்தான் போகிறேன். எனக்குச் சப்பாத்தைக் கழற்றவேண்டிய தேவை இல்லை."

"மன்னிக்கோணும் அம்மா. மேலை இருக்கிறவ எனக்குப் பெண்சாதி. உங்களை விட்டால் எனக்கு வீட்டிலை இடமில்லை."

படிகள் முழுக்கச் சிரிப்பு உருண்டு இறங்கியது. ஒரு வாங்கில் கிரீச்சிட்டது. சப்பாத்து ஒன்று விழுந்தது, மற்றதும் விழுந்தது. பிறகு அம்மையாரின் உயிர்போகிற குரல்:

"இது என்ன? ஷால்க!"

அடுக்கில் மிஞ்சிக் கிடந்தது அந்த ஒரு சோடிதான். கெல்சென்கிர்ச்சனிலிருந்து வந்தது, அந்த ஊர்க் காற்பந்துக் கழகமான ஷால்கவின் நீலமும் வெள்ளையும். அம்மையார் எதிர்க் கழகமான வேர்டர் பிறேமனின் உயிர் ரசிகை. படிகளில் நின்றவர்கள் ஒருவர் காதில் ஒருவர் சொல்லச் சொல்ல, செய்தி அவருக்கு முன்னால் மேலே வந்தது. போட்டுவிட்டாராம். ஏறுகிறாராம். ஹார்ம்ஸைத் தாண்டிவிட்டாராம். இரண்டாம் தட்டில் பேக்கரிக்காரியின் தகப்பனோடு சிக்கிவிட்டாராம்.

"கொஞ்சம் விலகுங்கள்!"

"எங்கே விலக, அம்மா? எனக்கு இந்தப் பக்கம் சுவர்."

பிறகு கோபுரத்தின் நடுவயிற்றிலிருந்து அந்தக் குரல் வந்தது, சுங்கத்தில் பெட்டி சோதித்து முடித்த குரல்:

"கதவை மூட முடியவில்லை! கதவுக்குப் பக்கத்தில் வரவே முடியவில்லை!"

விளக்கறை கத்திய கத்தலில் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. யாரோ மாமியைக் கட்டிப்பிடித்தார்கள், மழைச்சட்டையோடு சேர்த்து. அம்மையார் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுக்க, அது கைமாறிக் கைமாறிப் படிப்படியாக மேலே வந்தது. மீனவர் கை, பிள்ளைகளின் கை, மாப்பிள்ளையின் கை. தரைக்கதவு வழியே புறூன்ஸ் வாங்கி மாமியின் உள்ளங்கையில் வைத்தார். உள்ளங்கையைவிட நீளமான இரும்புச் சாவி, இத்தனை பேரின் கையால் சூடாகியிருந்தது.

மாமி பேச்சு ஒன்று தயாரித்து வைத்திருந்தார். செபமாலைக் கூட்டத்தில் இரண்டு தரம் ஒத்திகையும் நடந்தது.   சாவியைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு இருக்கிற அதிகாரம் முழுக்கத் திரும்பி வந்தது.

"சரி, சரி! அடியிலை நிக்கிறவை முதல் இறங்குங்கோ. கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு. ஒருத்தரும் ஓடக்கூடாது. செருப்பை எடுத்த இடத்திலை சோடியாய் வையுங்கோ!"

எல்லாம் தமிழில் வந்துவிட்டது. ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் அடியில் நின்றவர்கள் முதலில் இறங்கினார்கள், கைபிடியைப் பிடித்துக்கொண்டு.